பல் செட்டும் பூசணமும்



நம் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டு பால் வெட்டியவர். மேலண்ணம் சிவந்து எரிகிறதென்று கிளினிக்கில் கொடுத்த மருந்தை இரண்டு வாரம் தவறாமல் சாப்பிட்டார். குறைந்தது, மறுபடியும் வந்தது. "வாத்தியாரே, மருந்தில் சத்து இல்லையோ?" என்று நம்மைக் கேட்டார். மருந்தில் சத்து இருந்தது. ஆனால் பாட்டி இரவிலும் பல் செட்டைக் கழற்றுவதில்லை.

கண்டிடா என்னும் பூசணம் நல்ல சுகத்தோடு இருப்பவர் பலரின் வாயிலும் அடங்கிக் கிடப்பதுதான். பல் செட்டின் அடியில் இடம் கிடைத்தால் ஒட்டிக்கொண்டு பெருகும். சர்க்கரைப் பொருள், புரதம், டி.என்.ஏ. இழை ஆகியவற்றால் தன்னைச் சுற்றி ஒரு பசையைக் கட்டிக்கொள்ளும். கழுவாத மங்கில் விரலை விட்டால் வழுவழுவென்று தட்டுப்படுமே, அப்படி. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். மருத்துவமனையில் இரத்த நாளத்தில் செருகும் குழாய்களிலும் இது படியும். அங்கே உயிருக்கே ஆபத்து.

அந்தப் பசை மருந்தை என்ன செய்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2007-இல் இதற்கு விடை தந்தார்கள். பசையிலுள்ள குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலி, புளுக்கோனசோல் மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சங்கிலியை வெட்டும் நொதியைச் சேர்த்தார்கள். மருந்து வேலை செய்தது! டி.என்.ஏ. இழையை வெட்டும் நொதி, ஆம்போடெரிசின் மருந்துக்குத் துணை நிற்பதாக 2012-இல் இன்னோர் ஆய்வு வந்தது.

நொதி என்றதும் மலைக்க வேண்டாம். ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறீர்கள் அல்லவா? அதன் பாலிலுள்ள நொதிதான் கறியின் புரதத்தை வெட்டி மெதுவாக்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் எச்சிலிலுள்ள நொதியால்தான். (நம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். இனிக்கவே இல்லையென்று சொல்லி இன்னொரு கவளம் கேட்பவனும் உண்டு!)

அதற்காகப் பப்பாளிப் பாலை வாயில் தடவிவிடாதீர்கள், வாய் புண்ணாகிவிடும். நொதியும் ஒரு புரதமே. விழுங்கினால் வயிறு அதையும் செரித்துவிடும். பூசணத்துக்கு எதிரான இந்த முறை பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் நிற்கிறது.

அதுவரை அந்தப் பசையைக் கையால்தான் அகற்ற வேண்டும். இரவில் செட்டைக் கழற்றி, மெல்லிய பிரஷும் சோப்பும் கொண்டு தேய்த்து, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் வேண்டாம், செட்டு வளைந்துவிடும். பாட்டிக்கு இப்போது பேரன்தான் தேய்த்துக் கொடுக்கிறான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எளிதில் வரும். எரிச்சல் திரும்பினால் கிளினிக்குக்குப் போகும்போது செட்டையும் கொண்டு போங்கள். வாயை மட்டும் காட்டினால் டாக்டருக்குப் பாதி நோய்தான் தெரியும்.