பழைய படமும் பதக்கத்தின் விளிம்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்தார் வீடுகள் சிலவற்றின் கூடத்தில், இராணுவ உடுப்பணிந்த முன்னோர் ஒருவரின் படம் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆண்டுதோறும் திதியன்று அதற்கு மாலை சூட்டுகிறோம். ஆயினும் அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே போனார் என்று குழந்தைகள் கேட்டால், "பெரிய சண்டைக்குப் போனவர்" என்பதற்குமேல் சொல்ல நம்மிற் பலருக்குத் தெரிவதில்லை. படத்தைப் படிக்கக் கற்றால் அதுவே விடை கூறும் என்பதை என் வீட்டு அநுபவத்தைக்கொண்டு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் என் பாட்டனாரின் தந்தையார். அவர் சுபேதார் உத்தியோகம் வகித்தாரென்றும், போர்க்களத்திலேயே அப்படம் எடுக்கப்பட்டதென்றும், சக்கரவர்த்தி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தாரென்றும் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கலியாணச் சம்பந்தம் பேசும்போதுகூட இப்பெருமை வெளிவராமல் இராது. நானும் பிள்ளைப்பிராயம் முதல் அதை நம்பியவனே.

ஒருநாள் பூதக்கண்ணாடி கொண்டு படத்தை நோக்கினேன். சுபேதாருக்குத் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் இருத்தல் வேண்டும், ஜமேதாருக்கு ஒன்று. ஹவில்தாருக்குக் கையில் மூன்று பட்டைகள், நாயக்குக்கு இரண்டு. எங்கள் முன்னோரின் தோளிலும் ஒன்றுமில்லை, கையிலும் ஒன்றுமில்லை. படைப்பிரிவின் பெயரைக் காட்டும் பித்தளை எழுத்துக்களும் காணோம். பின்னால் தெரிந்த மலையோ, திரைச்சீலையில் எழுதிய மலை!

மார்பில் ஒரே பதக்கம். அதன் நாடாவின் நடுப்பாகம் கறுத்தும் ஓரங்கள் வெளுத்தும் தோன்றின. அக்காலத்துப் புகைப்படத் தகடுகள் பலவற்றில் சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும் என்பதை அறிந்தபின் ஐயம் தெளிந்தது. நடுவே ஆரஞ்சும், அதன் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம் என்ற கோடுகளும் உடையது, முதல் உலக யுத்தத்திற்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் யுத்தப் பதக்கத்தின் நாடா. அப்பதக்கம் ஏற்படுத்தப்பட்டதே 1919-ஆம் ஆண்டில்தான். ஆதலின் படம் போர்க்களத்தில் எடுத்ததன்று. ஊர் திரும்பியபின் எடுத்தது.

பின்பு பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் பதக்கமே அகப்பட்டது. அது தங்கமன்று, வெண்கலம். போர்வீரர்களுக்கு இப்பதக்கம் வெள்ளியில் அளிக்கப்பட்டது. வெண்கலத்தில் பெற்றவர்கள் பெரும்பாலும் கூலிப்படைகளிலும் ஏவற்பணிகளிலும் உழைத்தவர்கள். விளிம்பை விளக்கருகே திருப்பிப் பார்த்தேன். ஓர் எண், அவர் பெயர், பெயருக்கு முன்னே "கூலி" என்னும் நம் தமிழ்ச்சொல் ஆங்கில எழுத்தில்!

சகோதரர்களே! உண்மையை மறைக்காமற் சொல்லுகிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவர், "இதை வெளியே சொல்லாதே, பெட்டியிலேயே வைத்துவிடு" என்றார். நானும் சில மாதங்கள் அவ்வாறே வைத்திருந்தேன்.

பிறகு சரித்திரத்தைப் படித்தேன். அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டவர் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்தாத பணியாளர். மெசபொட்டேமியாவில் 1914 நவம்பரில் பாஸ்ரா பிடிபட்டது. 1917 மார்ச்சில் பாக்தாத் வீழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர் யார்? பாலைவனத்தில் தண்டவாளம் இட்டவர் யார்? சேற்றில் சாலை அமைத்தவர் யார்? இவர்கள் இன்றிப் பீரங்கி ஓர் அடியேனும் நகர்ந்திராது. வெயிலும் காலராவும் போர்வீரன் இவன், கூலி இவன் என்று பேதம் பார்க்கவில்லை.

பேதம் பார்த்தவர் மனிதர். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000-க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர்; ஆனால் அதனை எழுப்பியபோது இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோரின் பெயர்களைக் கல்லில் பொறிக்காமல் எண்ணிக்கையை மட்டுமே பொறித்தார்கள். குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று, 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விசாரணைக் குழுவே கூறியது. இவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மத்தியகிழக்கினருமாகிய பணியாளர். அந்நியர் எழுதாது விட்ட பெயரை, பதக்க விளிம்பில் எழுதப்பட்டிருந்தும், நாமே வெட்கத்தால் மறைப்போமாயின், அப்பெரியவருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியன்றோ அது?

நம் குலப்பெருமை பேசுங்கால் சுபேதார்களையும் வீரர்களையும் மட்டுமே தேடுகிறோம். இல்லாத நட்சத்திரத்தைத் தோளில் ஏற்றுவதால் முன்னோர் உயர்வதில்லை. அவரது மெய்யான உழைப்பு மறைந்துபோகிறது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைச் சட்டத்திலிருந்து மெல்ல எடுத்து, அதன் பின்புறத்தையும் பாருங்கள். தன் பதக்கத்தை இடமார்பில் அணிவது மரபு. வலமார்பில் இருந்தால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று சட்டைப் பொத்தானைக்கொண்டு தேருங்கள். இல்லையெனில் இறந்த உறவினரின் பதக்கமாகவும் இருக்கலாம். பதக்கத்தைப் புளியிட்டுத் துலக்காதீர். விளிம்பின் எழுத்துத் தேயும். வெள்ளிக்கு விலை ஏறிற்றென்று உருக்கக் கொடாதீர். வீட்டு முதியோர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள். அது தவறாயினும், எங்கே தேடவேண்டும் என்பதைக் காட்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பதக்கத்தை இப்பொழுது படத்தின் அடியிலேயே பதித்திருக்கிறோம். கீழே அவர் பெயரும், "யுத்தத்தில் உழைத்தவர்" என்ற சொற்களும் எழுதியுள்ளோம். பெட்டியில் வைத்துவிடு என்ற அந்த மூத்தவரே, சென்ற திதியன்று முதல் மாலையைச் சூட்டினார்.