ஹிஸ்டரி படித்தவருக்கு எங்கே வேலை?

நம் கலைக் கல்லூரிகளில் ஒரு பேச்சு உண்டு. பி.காம். கேட்டுக் கிடைக்காதவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டுக் கிடைக்காதவரும் கடைசியில் வந்து சேருகிற இடம் பி.ஏ. வரலாறு என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசைப்பட்டுச் சேர்ந்தவரானாலும் சரி, வேறு வழியில்லாமல் சேர்ந்தவரானாலும் சரி, மூன்று வருடம் முடிந்ததும் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: அடுத்து என்ன?

எல்லோருக்கும் தெரிந்த வழிகள் இரண்டு. முதலாவது ஆசிரியர் வேலை. பட்டத்துக்கு மேல் இரண்டு வருடம் பி.எட்., அப்புறம் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டுமானால் எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. வழி தெளிவாகத்தான் இருக்கிறது, வரிசைதான் நீளம்.

இரண்டாவது போட்டித் தேர்வு. வரலாறு படித்தால் டி.என்.பி.எஸ்.சி. சுலபம் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அதில் 100 தமிழுக்கே போய்விடுகிறது. மீதியில் அறிவியல், புவியியல், கணக்கு எல்லாம் போக வரலாற்றுக்கு எவ்வளவு மிஞ்சும்? ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 1750. அதில் விருப்பப் பாடத்துக்கு 500. அந்த 500-ஐ என்ஜினீயரிங் படித்தவரும் எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அவரும் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டம் அங்கே பெரிய முன்னுரிமை தரும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பட்டம் உண்மையாகவே கைகொடுக்கிற இடங்கள் வேறு. அவற்றின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் வரலாறு என்ற சொல்லே இருக்காது.

நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். சேர்ந்து வக்கீலான பிறகு கோயில் நில வழக்கு ஒன்று வருகிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. நிலம் கோயிலுடையதா, கோயிலில் ஊழியம் செய்த குடும்பத்துடையதா என்பது தகராறு. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அனுபவம் இன்னொருவரிடம் இருக்கும். அப்போது இரு தரப்பும் தேடி ஓடுகிற ஆவணம் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். கம்பெனி ஆட்சி முடிந்த அதே 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். மானியமாக விடப்பட்ட நிலங்களை ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடு அது. கொடுத்தவர் யார், யாருக்குக் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், எவ்வளவு பரப்பு என்று பத்தி பத்தியாக இருக்கும்.

வழக்கின் உயிர் அந்தப் பத்திகளில் இருக்கிறது. கொடுத்தது மேல்வாரம் மட்டுமா, அதாவது அரசுக்கு வர வேண்டிய பங்கு மட்டுமா, அல்லது நிலமும் சேர்த்து இருவாரமுமா? மானியம் தேவஸ்தானத்தின் பெயரிலா, ஊழியக்காரர் பெயரிலா? 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களின்படி யாருக்குப் பட்டா என்று முடிவு செய்யும்போதும் இந்தக் கேள்விகள்தான் எழுந்தன. பழைய ஆங்கிலக் கையெழுத்து, சொற்சுருக்கங்கள், இன்று வழக்கில் இல்லாத வரிப் பெயர்கள். சட்டம் மட்டும் படித்தவர் இதில் திணறுவார். எழுதிய குமாஸ்தா எதைக் கேட்டு எழுதினான், யார் சொன்னதை நம்பினான், எதை விட்டான் என்று யோசிக்கப் பழகிய ஹிஸ்டரி மாணவர் திணற வேண்டியதில்லை. இந்தப் பதிவேட்டின் நகலை வாங்கப் போகிற இடம் எது தெரியுமா? சென்னை எழும்பூரில், 1909 முதல் செம்மாந்து நிற்கிற அந்தச் சிவப்புக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

இன்னொரு இடம் சிலைத் திருட்டு விசாரணை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சோழர் காலக் கோயிலிலிருந்து நடராசர் சிலை திருடு போனது. கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியே வந்துவிட்டதாக வியாபாரி காகிதங்கள் காட்டியிருந்தார். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் எடுத்த புகைப்படத்தில் அதே சிலை அதே கோயிலில் இருந்தது. காகிதத்தின் தேதி பொய், படத்தின் தேதி மெய். 2014-இல் சிலை இந்தியா வந்து சேர்ந்தது. ஓர் ஆவணத்தை இன்னொன்றோடு ஒட்டிப் பார்ப்பது முதலாண்டு வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி. ஆனால் இப்படிச் சிலைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர்களில் கப்பல் துறையில் வேலை பார்த்தவரும் உண்டு. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துத் தந்த ஐராவதம் மகாதேவன்கூட வேதியியலும் சட்டமும் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. நாம் காலியாக விட்ட இடத்தில் ஆர்வமுள்ள மற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நமக்குக் கொஞ்சம் ரோஷமும் வர வேண்டும்.

தொல்லியல் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். 2015-இல் கீழடியில் அகழாய்வு தொடங்கிய பிறகு அந்தத் துறைமேல் பிள்ளைகளுக்கு ஒரு மோகம். நல்லதுதான். ஆனால் பணியிடங்கள் குறைவு, வெறும் பி.ஏ. போதாது. எம்.ஏ. முடித்து, தொல்லியல் துறையின் நிறுவனத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் முடித்தவர்களே பெரும்பாலும் போட்டியில் நிற்க முடியும். வேலையோ உடம்பு நோகிற வேலை. கல்வெட்டுப் படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரமான தாளை அதன்மேல் குமிழி விழாமல் பரப்பி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு மைத்திண்டால் மேலே ஒற்ற வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் தாள் கிழியும். எல்லாம் சரியாக அமைந்தால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும். இப்படி எடுத்த தமிழ்க் கல்வெட்டுப் படிகள் மைசூரில் ஏராளமாகக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட்டது. இன்னும் பதிப்பிக்க வேண்டியவை அவற்றில் நிறைய. வட்டெழுத்தும் கிரந்தமும் தடையில்லாமல் படிக்கிற இளைஞர்கள்தான் எண்ணிக்கையில் குறைவு.

தஞ்சை மராட்டியர் காலத்தில் மோடி என்னும் எழுத்தில் எழுதிய ஆவணங்களின் நிலையும் ஏறக்குறைய அதேதான். எழும்பூர்க் காப்பகத்தில் டச்சுக்காரர்களின் பழைய பதிவுகள் இருக்கின்றன. டச்சு மொழி தெரிந்தவரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்திரிகை, சுற்றுலா வழிகாட்டி வேலை, அருங்காட்சியகம், ஆவணப்படங்களுக்குத் தகவல் திரட்டுவது இவையெல்லாமும் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாமல்லபுரத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுகிற வழிகாட்டிக்கும் தமிழும் அரைகுறை ஆங்கிலமும் வைத்திருப்பவருக்கும் கிடைக்கிற கூலி ஒன்றாக இருக்காது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் பட்டத்தோடு ஓர் எழுத்தோ ஒரு மொழியோ ஒரு வகை ஆவணமோ கைவசம் இருக்க வேண்டும்.

அதற்கு நல்ல சமயம் கடைசி வருட ப்ராஜெக்ட். பல இடங்களில் என்ன நடக்கிறது? மாவட்ட வரலாறு என்று தலைப்பு வைத்து நாலு புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டி, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் உங்கள் சொந்த ஊர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இனாம் நிலம் இருந்ததா என்று பெரியவர்களைக் கேளுங்கள். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு எழும்பூருக்குப் போய், பார்வையிட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பழைய தாலுகா எது, அப்போது ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதை மட்டும் போகும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுவதும் அட்டவணையிலேயே போய்விடும்.