யார் கையால் வாங்குகிறோம்?



பரட்டை அண்ணன் என்று நாம் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு அவர்களின் நினைவாக இன்று கூடியிருக்கிறோம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர் 2005-ல் மறைந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்றே பலரும் அவரை நினைக்கிறோம். அவர் வலியுறுத்திய இன்னொன்றும் உண்டு: 'ஒரு உலை'. குடும்பம் பிரிந்துவிட்டது என்பதைக் கிராமத்தில் 'உலை வேறாகிவிட்டது' என்பார்கள். அப்படியானால் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள்தானே ஒரே குடும்பம்? கர்த்தருடைய பந்தியை அவர் இந்தக் கண்ணோடு பார்த்தார். நாமும் அதே கண்ணோடு வேதபாடத்தையும் அன்றாட அன்பையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நம் தெருக்களில் வேதபாடம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடித்து வந்தவர்கள் கை கால் கழுவிக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வாசிக்கும். எழுத்துத் தெரியாத பாட்டி அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்வார். பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'இந்தப் பகுதியில் கர்த்தர் உங்களோடு என்ன பேசினார்?' நல்ல கேள்வி. அதோடு இன்னொன்றையும் கேட்டுப் பழக வேண்டும்: 'இந்தக் கதையில் யார் கொடுக்கிறார்? யார் வாங்குகிறார்?'

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நண்பகல் வெயிலில் இயேசு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். மொண்டு குடிக்க அவரிடம் பாத்திரம் இல்லை. தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்கிறார். அவளுக்கே ஆச்சரியம். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. இங்கே அன்பு எதில் தொடங்குகிறது? அவளுக்கு ஏதோ ஒன்றைக் கொடுப்பதில் தொடங்கவில்லை. அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்பதில் தொடங்குகிறது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைக் கண்ட நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

லூக்கா சொல்லும் நல்ல சமாரியன் கதையும் அப்படித்தான். வசதியானவன் ஏழைக்கு இரங்க வேண்டும் என்பதற்கே அந்தக் கதை பிரசங்கங்களில் பயன்படுகிறது. ஆனால் கதையில் இரங்குகிறவன் ஒதுக்கப்பட்டவன். அடிபட்டுக் கிடப்பவன் அவன் கையால் எண்ணெயும் திராட்சரசமும் பூசப்பட்டு, அவன் மிருகத்தின்மேல் ஏறி, அவன் காசில் சத்திரத்தில் தங்குகிறான். 'இவர்களில் யார் அயலான்?' என்று இயேசு கேட்டபோது, நியாயசாஸ்திரி 'சமாரியன்' என்று சொல்லவில்லை. இரக்கம் செய்தவன் என்றுதான் சொல்கிறான். பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசும் நாக்கை நாமும் நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

நண்பர்களே, கொடுப்பது சாதியைத் தொடாமலே நடந்துவிடும். கிறிஸ்துமசுக்குச் சேலை கொடுக்கலாம், அரிசி கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். இவற்றை நாம் இழிவாகப் பேசவில்லை. மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் நம் முன்னோர் பலருக்கு எழுத்தையும் உயிரையும் கொடுத்தன. ஆனால் கொடுத்தவர் நம் வீட்டு வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினால், கை திறந்திருக்கிறது, சாதி மூடியே இருக்கிறது. வாங்கிக்கொள்வதுதான் சாதியை உடைக்கும்.

இது புதிய சிக்கல் அல்ல. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. பின்னர், தஞ்சையில் படைவீரராக இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர் தமிழில் நற்செய்தியைப் படித்து, அதனால் ஈர்க்கப்பட்டுத் தரங்கம்பாடி சபைக்கு வந்தார். உபதேசியாராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1733-ல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கனுக்கோ கடைசிவரை அது கிடைக்கவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் தயங்குவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவர் வாசித்த வேதம் அவர்களுக்கு வேண்டும், அவர் சேர்த்த ஆட்கள் வேண்டும், அவர் கை மட்டும் வேண்டாம்.

நூறு ஆண்டு கழித்து, 1833-ல், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சேர்ந்து உட்காருவது, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களும் வேதம் படித்தவர்கள்தான், ஞானப்பாட்டு பாடியவர்கள்தான். அந்தப் பாத்திரத்தை வாங்குவதற்குத்தான் அவர்களால் முடியவில்லை.

சபையின் மிகப் பழைய சண்டைகளில் ஒன்றே பந்திச் சண்டைதான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் அதைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொல்லவில்லை. எல்லோர் முன்னும் எதிர்த்துக் கேட்டார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. 'சபைக்குள் சாதிப் பேச்சு எதற்கு? சமாதானம் கெடுமே' என்பவர்களுக்கு இந்த அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பந்தியில் எழுந்த பிரச்சினையைப் பவுல் நற்செய்தியின் பிரச்சினையாகவே பார்த்தார்.

அரசும் இதில் கண்ணை மூடிக்கொள்கிறது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களையே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தும் நீக்கப்படவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறது சட்டம். கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர் இருக்கிறது என்கிறது. சட்டத்தை மாற்றப் போராடும்போதே சுவரையும் தட்ட வேண்டியவர்கள் நாம். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ளிப்போட முடியாது.

செயல்பாட்டாளர்களில் சிலர் கேட்பீர்கள்: 'உரிமை கேட்கிற இடத்தில் அன்பு பற்றி எதற்குப் பேச வேண்டும்?' நம் தெருக்களைப் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. சொல்லாமலே பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். பிள்ளை பெற்றவளுக்கு யாரோ வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள். கூலி கிடைக்காத வாரத்தில் படி அரிசி கைமாறும். இதில் கொடுத்தவர் இன்று, வாங்கியவர் நாளை. மேல் கை, கீழ்க் கை இல்லை. காவல் நிலையத்துக்கு ஒருவருக்காகப் பத்துப் பேர் போய் நிற்கும் துணிவு இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. இது தர்மம் அல்ல, ஒரு உலை.

ஆகவே மாணவர்களுக்கு மூன்று செய்திகள். வேதபாடத்தை வட்டமாக உட்கார்ந்து நடத்துங்கள். எழுத்துத் தெரியாதவர் முதலில் பேசட்டும். திருச்சபை அசனம் நடக்கும்போது சமைக்கிறவர், பரிமாறுகிறவர், கடைசிப் பந்தியில் உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். நம் கை சமையல் கட்டுக்குள் போகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள் கிடக்கும் கோடுகளுக்கும் இதே சோதனைதான். நம்மைவிடக் கீழே என்று ஊர் சொல்லும் வீட்டுக்குக் கொடுக்க மட்டும் போகாமல், உட்கார்ந்து சாப்பிடப் போவோம்.

விசுவாசத்தை அளக்க எத்தனை அதிகாரம் படித்தோம் என்ற கணக்குப் போதாது. யார் கையால் வாங்கினோம் என்ற கணக்கும் வேண்டும்.

ஜெய் பீம்.