பேனா பிடித்த நடுவர்கள்

களத்தில் விசில் ஊதும் நடுவரை எல்லோரும் காண்கிறோம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் பேனா பிடித்த நடுவர்களும் உண்டு. என்.பி.ஏ. சங்கத்தில் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரை 1980 வரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுத்தனர். 1981 முதல் அவ்வுரிமை செய்தியாளர் கைக்கு வந்தது.

2000இல் ஷாகீல் ஓநீலுக்கு 121 முதலிட வாக்குகளில் 120 கிடைத்தன. 2013இல் லெப்ரான் ஜேம்ஸுக்கும் அதே கணக்கு. விடுபட்ட அந்த ஒன்று காழ்ப்பா, கருத்தா? 2013இல் மாறுபட்டவர் பாஸ்டன் நகரச் செய்தியாளர் காரி வாஷ்பர்ன். கார்மெலோ அந்தோணிக்கு வாக்களித்ததன் காரணத்தைத் தம் பத்திரிகையிலேயே எழுதிவிட்டார். அவரோடு வாதாடலாம், வஞ்சகர் என்றல் தகாது. பேட்டி தர மறுத்தவர்மீது மூண்ட சினமோ, பெயரில்லாச் சீட்டில் சுகமாக ஒளிந்துகொள்ளும். 2014 முதல் ஒவ்வொருவர் வாக்கும் பெயருடன் வெளியிடப்படுகிறது.

ஆயினும் கட்டுரைக்குள் புகும் பகையை எந்தப் பட்டியலும் காட்டாது. மொழிபெயர்ப்பே என் தொழில். 'உறுதியுள்ளவர்' என்பது 'பிடிவாதக்காரர்' ஆவதற்கு ஒரு கணம் போதுமென்பதை நான் அறிவேன். அத்தகைய சொற்களைப் பருவம் முழுவதும் படித்தவர்களே இறுதியில் வாக்களிக்கின்றனர்.

இதில் பணமும் கலந்திருக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, செய்தியாளர் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த அணிகளில் இடம்பெறுவது மிக உயர்ந்த ஊதியத்துக்குரிய தகுதிகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு பால் ஜார்ஜுக்கும் கார்டன் ஹேவர்டுக்கும் அவ்விடம் கிட்டவில்லை. அதில் பகை இருந்ததென்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கோடையிலேயே இருவரும் வேறு அணிகளுக்குச் சென்றுவிட்டனர்.