உப்புக்காற்றும் ஒரு வயலினும்



சில வருடங்களுக்கு முன்னர் புத்தளம் மாவட்டத்து உடப்பிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளைக்குப் பத்து வயது. கையில் புது வயலின் பெட்டி. "டீச்சர், எட்டு மாசமாப் படிக்கிறா. சரளி வரிசையே இன்னும் ஒழுங்கா வரல்ல. இவளுக்குச் சங்கீதம் வராது போல இருக்கு. நிப்பாட்டிடலாமா?" என்று கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அவளைப் பாடச் சொன்னேன். ஸ, ப, மேல் ஸ மூன்றும் சுருதியில் சுத்தமாக நின்றன. பிறகு வயலினை வாங்கிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் குதிரை முன்பக்கம் சரிந்து, இப்போதோ பிறகோ விழுந்துவிடும் என்ற நிலையில் நின்றது. விரற்பலகை முடிகிற இடத்தில், பலகைக்கும் தந்திக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. தந்தியை முறுக்கும் பிரடைகளில் இரண்டு பிடிக்கவேயில்லை. சுருதி கூட்டிக் கையை எடுத்ததும் சுழன்று தளர்ந்தன. அந்தத் தந்தியை அழுத்த எனக்கே விரல் நொந்தது. பத்து வயதுப் பிள்ளை எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

வேறொரு குதிரையை எடுத்து, காலை அராவி, உயரத்தைக் குறைத்து வைத்தேன். பிரடைகளுக்கு வெண்கட்டித் தூள் தடவினேன். ஒரு மணித்தியால வேலை. அடுத்த மாதம் அவள் சரளி வரிசையைத் தாண்டி ஜண்டை வரிசைக்கு வந்துவிட்டாள்.

நான் படிக்கத் தொடங்கிய காலத்திலும் இதுவேதான் நடந்தது. அப்பா வாங்கித் தந்த வயலின் சுருதியில் நிற்காது. என் காதுதான் சரியில்லை என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாத்தியத்தின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்வார்கள். வயலினை விட்டுவிட்டவர்களில் எத்தனையோ பேரைத் தோற்கடித்தது ஒரு குதிரைக்கட்டைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இன்று இராகம், தாளம் பற்றியெல்லாம் பேசாமல், மலிவான வயலினை எப்படிப் பார்த்து வாங்குவது, நம் கடற்கரையில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று பேச வந்திருக்கிறேன்.

வயலின் நம்மிடம் பிற்காலத்தில் வந்த வாத்தியம். 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருவானது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இருநூறு வருடங்களுக்குள் வயலின் இல்லாத கச்சேரி அரிது என்றாகிவிட்டது. வாத்தியம் மாறவில்லை, பிடிக்கும் முறை மாறியது, சுருதி கூட்டும் முறை மாறியது. இந்த இரண்டு மாற்றமும் நீங்கள் வாங்கப்போகும் வயலினைப் பாதிக்கின்றன. அதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை.

மேல்நாட்டு முறையில் நான்கு தந்திகளுக்கும் நிலையான சுருதி உண்டு. நாம் ஸ-ப-ஸ-ப என்று, பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்பக் கூட்டுகிறோம். பெரும்பாலும் மேல்நாட்டு அளவைவிட இறக்கியே கட்டுகிறோம். ஆகவே நமக்குப் பிரடை அதிகம் சுழல வேண்டும், சுழன்ற இடத்தில் நிற்கவும் வேண்டும். வால்பக்கத்தில் இருக்கும் சிறு திருகுகள் மயிரிழை வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் உதவும். கடைக்காரர் நான்கு திருகும் இருக்கிறது என்று காட்டினாலும் நீங்கள் பிரடையைச் சுழற்றிப் பாருங்கள். தயங்காமல் சுழன்று, விட்ட இடத்தில் நின்றால் அந்த வயலினுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். தோள் தாங்கி என்று ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். நிலத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல தந்தி வாங்குங்கள்.

இன்று உலகெங்கும் விற்கும் தொடக்க வயலின்களில் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. ஜியாங்சு மாகாணத்தில் ஹுவாங்சியாவ் என்ற ஊரே வயலின் ஊர். அங்கே செய்வதெல்லாம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். முகப்புக்கு ஸ்புரூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள் என்று மரத்தை ஒழுங்காகவே போடுகிறார்கள். குறை வேறு இடத்தில். பல வயலின்கள் குதிரை பொருத்தப்படாமல் வருகின்றன. குதிரை தனியே ஓர் உறையில் கிடக்கும். அதை யாரோ அவசரத்தில் நிறுத்தி, தந்தியை முறுக்கி, கண்ணாடி அலுமாரியில் தொங்கவிடுகிறார்கள். குதிரையின் கால்கள் முகப்பின் வளைவோடு ஒட்டி உட்கார வேண்டும். அதற்கு ஒருவர் உட்கார்ந்து அராவ வேண்டும். மலிவு விலையில் விடுபட்டுப்போவது அந்த உழைப்புத்தான்.

ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வயலினில் போட்டுவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். குதிரையைச் சீர்செய்ய, தந்தி மாற்ற, வில்லுக்கு நல்ல ரொசின் வாங்க அது வேண்டும். இப்படிச் சீர்செய்த மலிவு வயலின், சீர்செய்யாத விலைகூடிய வயலினைவிட நன்றாகப் பேசும். நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கடையில் என்ன பார்ப்பது? பெட்டியைத் திறந்ததும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டைப் பாருங்கள். நல்ல வேலையில் அது மரத்துக்குள் பதித்த இழை; விளிம்பில் வெடிப்பு ஏற்பட்டால் உள்ளே ஓடாமல் தடுப்பது அதுதான். மிக மலிவானதில் வெறும் மையால் கோடு போட்டிருப்பார்கள். அடுத்து விரற்பலகை. அது கருங்காலியாக இருக்க வேண்டும். வில்பத்துக் காட்டில் வளரும் நம்முடைய மரமல்லவா, கருங்காலியின் பாரத்தையும் குளிர்ச்சியையும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால், ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கத் துணி கறுக்கக்கூடும். பிறகு வலப்பக்கத்து ஒலித்துவாரத்தினூடாக உள்ளே எட்டிப் பாருங்கள். முகப்புக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி நிற்கும். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. பலகைகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் அதை 'ஆன்மா' என்றே அழைக்கிறார்கள். அது விழுந்துவிட்டால் நாதமும் போய்விடும். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது அதற்காகத்தான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. முழு அளவு வயலினின் உடல் 14 அங்குலம். பதினொரு, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முக்கால், அரை, கால் என்று சிறியவை இருக்கின்றன. சட்டை தைக்கும்போது வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் விட்டுத் தைப்போம். வயலினில் அது வேண்டாம். கை எட்டாத பிள்ளையின் மணிக்கட்டு வளைந்து, அந்த வளைவே பழகிவிடும். சிறியதை இரவல் வாங்குங்கள், பழையதை வாங்குங்கள், பிள்ளை வளர்ந்ததும் அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

பழையது என்றதும் இன்னொன்று. சிலாபம், மாரவில, வென்னப்புவைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில், கோயில் பாடகர் குழுவில் வாசித்த தாத்தாவின் வயலின் பரணில் கிடக்கலாம். உள்ளே 'ஸ்த்ராடிவாரியுஸ், கிரெமோனா' என்று சீட்டு ஒட்டியிருந்தால் பதறாதீர்கள். 1737இல் மறைந்த அந்த மேதை செய்தவற்றில் ஏறக்குறைய 650 வாத்தியங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. எவை யாரிடம் என்பதும் பெரும்பாலும் பதிவில் இருக்கிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தொழிற்சாலைகள் அந்தப் பெயரை இலட்சக்கணக்கில் அச்சிட்டு ஒட்டின. செய்த நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால், அப்படிப் போடச் சொன்ன 1890ஆம் வருடத்து அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிற்பட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் தூக்கி எறியாதீர்கள். நூறு வருடம் உலர்ந்த மரம் அது. சீர்செய்தால் பிள்ளைக்கு இன்றைய கடைச்சரக்கைவிட நல்ல துணையாக இருக்கக்கூடும்.

இனி நம் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். புத்தளத்தில் உப்பு விளைவதற்குக் காரணமான அதே வெயிலும் காற்றும்தான் வயலினுக்குப் பகை. சோளகம் வீசும் மாதங்களில், வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, கற்பிட்டியிலும் உடப்பிலும் யன்னல் கம்பியைத் தடவினால் கையில் உப்பு ஒட்டும். அந்த உப்பு தந்தியிலும் படிகிறது. முதலாம் தந்தி வெறும் எஃகு. முதலில் துருப்பிடிப்பது அதுதான். நம் இசையில் விரல் தந்தியின் மேல் வழுக்கிப்போக வேண்டும். துருவேறிய தந்தியில் கமகம் எப்படி வரும்? வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குதிரைக்கு அருகே படிந்த ரொசின் தூளையும் துடையுங்கள். அது ஈரம் பட்டு இறுகினால் பிறகு வார்னிஷோடு சேர்ந்துதான் உரியும்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிலைமை வேறு. மரம் ஈரம் குடித்து வீங்குகிறது; பிரடை இறுகிவிடுகிறது. பலம் போட்டு முறுக்கினால் பிரடை முறியும், இல்லாவிட்டால் பிரடைப்பெட்டி வெடிக்கும். சற்று வெளியே இழுத்து, காய்ந்த சவர்க்காரத்தை மெல்லத் தடவி மறுபடி செருகுங்கள். வெயில் காலத்தில் வழுக்கினால் வெண்கட்டி. உங்கள் குசினியில் உப்புப் போத்தல் கசியத் தொடங்கினால், வயலினும் ஈரம் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா சிறுபைகளை வீசிவிடாமல் வயலின் பெட்டியில் போடுங்கள். பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ கடலைப் பார்த்த சுவரிலோ வைக்காமல், வீட்டின் உள்சுவரை ஒட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். முச்சக்கரவண்டியில் வெயிலில் விட்டுவிட்டு முன்னேஸ்வரத்தில் கும்பிடப் போய்விடாதீர்கள். திரும்பி வரும்போது பசை விட்டிருக்கும்.

அந்தப் பசை பற்றிச் சொல்லியாக வேண்டும். வயலினை ஒட்டுவது வச்சிரம், தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அது வேண்டுமென்றே இளகக்கூடியதாகப் போடப்படுகிறது. மரம் வீங்கிச் சுருங்கும்போது பலகை வெடிக்காமல் பொருத்து விட்டுக்கொடுக்கும்; திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். விரல் கணுவால் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் சத்தம் பிளந்து கேட்டால் அங்கே பொருத்து விட்டிருக்கிறது. தயவுசெய்து கடையில் விற்கும் உடனொட்டிப் பசையை அங்கே ஊற்றிவிடாதீர்கள். பிறகு எந்தக் கைகாரராலும் அதைத் திறக்க முடியாது.

வில்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வில்லின் மயிர் குதிரைவால். அதை விரலால் தொடவே கூடாது. விரல் வழுக்க வேண்டும் என்று சிலர் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத பிரதேசம் இது. இடது கையோடு அது நிற்கட்டும். மயிரில் எண்ணெய் பட்டால் ரொசின் பிடிக்காது, சத்தம் வராது. நீண்ட நாள் மூடிய பெட்டிக்குள் சிறு புழுக்கள் மயிரை அறுத்துவிடும். மாதக்கணக்கில் வாசிக்காவிட்டாலும் பெட்டியை அடிக்கடி திறந்து காற்றுப் படவிடுங்கள்.

நம் கரையோரத்தில் வயலின் திருத்த ஆள் கிடைப்பது அரிது. ஆனால் சிலாபத்திலும் புத்தளத்திலும் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். பாடகர் அமரதேவவை நம் எல்லோருக்கும் தெரியும். அவரும் வயலின் கலைஞராக இருந்தவர். மொரட்டுவைக்காரரான அவருடைய தகப்பனார் தச்சர், வயலின் திருத்தியவர். ஒரு தச்சர் வீட்டிலிருந்து இந்த நாட்டுக்கு அப்படி ஓர் இசை வந்திருக்கிறது. நம் பகுதி இளம் தச்சர்களில் இரண்டு பேர் குதிரை அராவவும் வச்சிரம் காய்ச்சவும் பழகினால், நாற்பது ஐம்பது பிள்ளைகளின் வயலின் பிழைக்கும். சங்கீத ஆசிரியர்களே, உங்கள் ஊர்த் தச்சரிடம் ஒரு நாள் வயலினைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குச் சங்கீதம் வராது என்று முடிவெடுக்கும் முன் குதிரையைப் பாருங்கள். பிள்ளைகளே, இந்த உரை முடிந்ததும் பெட்டியைத் திறங்கள். வில்லின் திருகு இன்னும் இறுகியிருந்தால், மயிர் தொய்யும்வரை தளர்த்தி வைத்துவிட்டு உறங்கப் போங்கள்.