பிள்ளையின் பாடமும் இணையமும்: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

 

"நான் எட்டாம் ஆண்டு வரைதான் படித்தேன், மகள் கேட்கும் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்?" என்று நம் தாய்மார் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். தந்தை கட்டாரிலோ சவூதியிலோ தொழில் புரிகிறார். வீட்டில் கொப்பியைத் திறந்து பார்க்க ஆளில்லை. அந்தக் கூச்சம் தாயைப் பிள்ளையின் மேசையிலிருந்து மெல்ல மெல்ல விலக்கிவிடுகிறது. மாதந்தோறும் டியூஷன் கட்டணம் செலுத்துவதோடு தம் கடமை முடிந்தது எனப் பெற்றோர் எண்ணத் தொடங்குகின்றனர். பிள்ளையும், "உம்மாவுக்கு இது விளங்காது" என்று முடிவு கட்டிவிடுகிறது. இழப்பு அந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. புள்ளிகளில் அது தெரிவது பிறகுதான்.

இந்தத் தாய்மாருக்கு இன்று கைகொடுக்கக்கூடிய சாதனங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இலவசமானவை, தமிழிலேயே உள்ளவை.

நம் நாட்டில் பாடசாலைப் பாடநூல்கள் 1980 முதல் இலவசமாக வழங்கப்பட்டு வருவதை நாம் அறிவோம். அதே பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் வைத்திருப்பதை எத்தனை பேர் அறிவோம்? நூல் தொலைந்தாலும், மழையில் நனைந்து கிழிந்தாலும், வேண்டிய அத்தியாயத்தைக் கைத்தொலைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்னும் தளத்தில் வகுப்பையும் மொழியையும் தெரிவு செய்தால் பாடங்களும் பயிற்சிகளும் கடந்தகால வினாத்தாள்களும் கிடைக்கும். பண்டைய தக்கசீலத்தின் பெயரே சிங்களத்தில் 'தக்சலாவ' ஆகும். எல்லாப் பாடங்களுக்கும் அங்கே ஒரே அளவு வளம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பணம் கொடுத்து வழிகாட்டி நூல் வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

பெற்றோர் கண்ணில் அதிகம் படாத பொருள் ஒன்றுண்டு. அது தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டி. ஆசிரியர்களுக்கென எழுதப்பட்டது என்பதனால் நாம் அதைத் திறப்பதில்லை. ஆனால் ஒரு பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும் என்பதை அது தெளிவாகக் கூறுகிறது. பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை என்பது எனது எண்ணம்.

நேயர்களே, காணொளிப் பாடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வாழும் சல்மான் கான் 2004இல் தூரத்து ஊரிலிருந்த தம் உறவுச் சிறுமிக்குத் தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் வழியாகக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அப்பாடங்களைக் காணொளிகளாக்கி யூடியூபில் இட்டார். நேரில் கற்பிப்பதைவிடக் காணொளியே தமக்கு விருப்பமானது என்று அவருடைய உறவுப் பிள்ளைகள் கூறினராம். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், பத்துத் தடவையும் திருப்பிப் பார்க்கலாம், "இன்னுமா விளங்கவில்லை?" என்று கேட்பார் எவருமில்லை. அந்த முயற்சிதான் 2008இல் கான் அகடமி என்னும் இலவசக் கல்வி நிறுவனமாக உருப்பெற்றது. கூச்சம் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதை இதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

டேட்டாச் செலவு பற்றிய கவலை நியாயமானதே. 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். அத்தகைய சிரமம் இன்றும் பல ஊர்களில் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆகவே காணொளியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலின் அத்தியாயத்தை ஒரு தடவை பதிவிறக்கினால் பிறகு இணைப்பே தேவையில்லை. வினாத்தாளைக் கொமியூனிகேஷன் கடையில் அச்சிட்டு எடுத்துவிட்டால் தொலைபேசியையும் மூடி வைத்துவிடலாம்.

சரி, அச்சிட்டாயிற்று. கணக்குத் தெரியாத தாய் இனி என்ன செய்வது? அருகில் அமருங்கள். பிள்ளை 1/2 உடன் 1/3ஐக் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். பின்னக் கணக்கு உங்களுக்கு மறந்திருக்கலாம், ரொட்டி மறந்திருக்காது. "மகன், அரை ரொட்டி இருந்தது. அதோடு இன்னொரு துண்டும் சேர்த்தோம். இப்போது அரை ரொட்டியைவிடக் கூடவா, குறையவா?" என்று கேளுங்கள். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. சேர்த்த பின் எப்படிக் குறையும்? பிள்ளை தானாகவே கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 5/6 என்ற விடை வரச் சற்று நேரமாகலாம், ஆகட்டும். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்னும் கேள்வியைக் கேட்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

இக்கேள்வி வேறொரு காரணத்தாலும் இன்று அவசியமாகிறது. கணக்கைப் படம்பிடித்தவுடன் விடையையும் படிகளையும் தரும் செயலிகள் வந்துவிட்டன. கட்டுரையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கொப்பி அழகாக நிறைந்திருக்கும். பிள்ளையின் உள்ளத்தில் எதுவும் நிறைந்திராது. அச்செயலிகளை முற்றாகத் தடுத்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஆனால் விடையைப் பார்த்த பிறகு தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு, அதே போன்ற அடுத்த கணக்கை வெறுங்கையால் செய்யச் சொல்லலாம். செய்ய முடிந்தால் கற்றிருக்கிறது, முடியாவிட்டால் பார்த்தெழுதியிருக்கிறது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே, யுவதிகளே! உங்கள் உம்மாவுக்கு இத்தளங்களைத் திறந்து காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. தம்பியின் பாடநூலையும் தங்கையின் வினாத்தாளையும் அவருடைய தொலைபேசியில் பதிவிறக்கி, ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். தேடும் முறையையும் ஒரு தடவை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். அவசரப்படாதீர்கள், உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தபோது அவர் அவசரப்படவில்லை.

கடல் கடந்து உழைக்கும் தந்தையரே! இங்கே இரவு எட்டரை மணியாகும்போது தோஹாவில் மாலை ஆறு மணி. அழைப்பெடுக்கும்போது, "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்ற வழமையான விசாரிப்போடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் அதே பாடநூலை உங்கள் தொலைபேசியிலும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இன்று எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.