நிலையாமையும் தன்னாராய்ச்சியும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் சாரம்)



நாளை விளைவது நன்மையோ தீமையோ என்று முன்னறிந்தவர் எவருமிலர். அதனை எண்ணி அஞ்சுவோர் பலர். உள்ளத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஏற்போர் சிலரே.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் ஆரேலியஸ் அச்சிலருள் ஒருவர். அவர் அரசாண்ட கி. பி. 161 முதல் 180 வரையில் கொள்ளைநோய் பரவிற்று. டான்யூப் நதிக்கரையில் யுத்தம் நீடித்தது. அவருடைய மக்களுள் பலர் இளமையிலேயே மாண்டனர். பாசறையில் இருந்தபோதும் அவர் தமக்குத்தாமே புத்தி கூறிக் கிரேக்க பாஷையில் எழுதி வந்தார். தம் வசத்திலுள்ளது எது, இல்லாதது எது என்று பகுத்தறிவதே அவ்வெழுத்தின் நோக்கம்.

நாமோ கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் உறங்காமல் தேடுகின்றோம். அன்று எவர்மீது வீணே சினந்தோம், வாராத நஷ்டத்தை எண்ணி எவ்வளவு பொழுது கழித்தோம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. விலை இறங்குவதும் மழை பொய்ப்பதும் நம் வசத்தில் இல்லை; நஷ்டம் வந்த நாளில் மனைவி மக்களைக் கடிந்து பேசாதிருத்தல் நம் வசத்தில் உள்ளது. பொருள் இழந்து மீண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒற்றுமை இழந்து மீண்டவை அரிது.

ஆதலின் கணக்கை முடித்தபின் இரவுதோறும் கால் நாழிகை தனித்திருந்து மனத்தை ஆராய்வோமாக. விடிந்தபின் செய்யும் தொழிலில் அம்மனத்தை நிறுத்துவோமாக.